‘சாரல்!’ என்று கத்தியது யார்?

விசிலைக் கழுத்தில் மாட்டிய புதிதில் எல்லாருக்கும் ஒரு மிதப்பு வரும். எனக்கும் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கிறது, நடையைப் பார்த்தாலே தெரிகிறது. வந்தால் வரட்டும். முதல் ஆட்டத்தில் கேலரியிலிருந்து நாலு பேர் உங்கள் கண்பார்வையைப் பற்றி விசாரித்தால் தானாக இறங்கிவிடும்.

புது நடுவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கத்துச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். பாஸ்கெட்பால் விதிகளைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, உட்கார்ந்து படியுங்கள். நான் சொல்லப்போவது புத்தகத்தில் இல்லாத ஒன்று. ஒரு இறுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் யாரோ ஒரே ஒரு வார்த்தை கத்தினார். நான் விசில் ஊதினேன். கத்தியது யார் என்று தெரியாமல் முப்பது வருஷத்துக்கு மேல் மண்டை காய்ந்தேன். இந்த சீசனில்தான் தெரிந்தது.

தென்காசியில் நம் டீமுக்கு இப்போது உள்ளரங்கம் வந்துவிட்டது. மரத்தரை, கண்ணைப் பறிக்கும் விளக்கு, சாய்ந்து உட்கார நாற்காலி. நீங்கள் இதில்தான் பழகப்போகிறீர்கள், சந்தோஷம். ஆனால் இந்த டீம் பிறந்தது ஒரு ரைஸ் மில்லின் நெற்களத்தில். ஆடிக்கொண்டிருந்த மைதானத்தில் கட்டடம் எழும்பிவிட, போக்கிடமில்லாமல் நின்ற பையன்களுக்கு மில் முதலாளி தன் சிமெண்ட் களத்தின் மேற்குப் பாதியை விட்டுக்கொடுத்தார். தற்காலிகமாகத்தான், வேறு இடம் கிடைக்கிறவரை. வேறு இடம் கிடைப்பதற்குள் பையன்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

களத்தில் குழி தோண்டக் கூடாது என்பதால் லாரி டயருக்குள் கான்கிரீட் ஊற்றி ரிங் கம்பங்களை நிறுத்தியிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் உருட்டிக்கொண்டு போய் ஓரத்தில் வைப்பார்கள். வடக்கிலும் தெற்கிலும் உமி மூட்டைகளைப் படி படியாக அடுக்கியதுதான் கேலரி. அதில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களை பஜாரில் சுலபமாக அடையாளம் காணலாம், சொறிந்துகொண்டே போவார்கள். தண்ணீர் வடிவதற்காகக் களத்தில் கிழக்கே பார்த்து ஒரு வாட்டம் உண்டு. பந்தைச் சும்மா தரையில் வைத்தால் அது பாட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிடும். நம் பையன்களுக்கு அந்த வாட்டம் அத்துப்படி. வெளியூர்க்காரர்கள் திட்டிக்கொண்டே ஆடுவார்கள்.

கிழக்குப் பாதியில் அவித்த நெல் காயும். அந்தப் பக்கம் பார்வையாளர் யாரும் உட்காரக் கூடாது. மேற்கு ரிங்குக்குப் பின்னால் இடுப்பளவு மதில், அதைத் தாண்டி வயல், அப்புறம் குற்றாலத்து மலை. இந்தத் திசைகளைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"ஆடிக்கிடுங்கலே, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா சாரல் வந்தா ஆட்டமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. முதல்ல என் நெல்லு. ஒரே ஒரு தடவை நனைஞ்சுச்சுன்னு வையி, மறுநாள் காலைல டயரை உருட்டிக்கிட்டுப் போயிரணும்."

அதனால் அந்தக் களத்தில் ஒரு வழக்கம் வந்தது. வேறெந்த ஊர் பாஸ்கெட்பாலிலும் இது இருந்திருக்காது. யாராவது 'சாரல்' என்று குரல் கொடுத்தால் நடுவர் விசில் ஊதவேண்டும். ஆட்டம் அப்படியே நிற்கும். ஆட்டக்காரர்கள், பார்க்க வந்தவர்கள், மேசையில் புள்ளி எழுதுகிறவர் எல்லாரும் கிழக்கே ஓடி, நெல்லைக் குவித்து, படுதா போட்டு மூடிவிட்டுத் திரும்பி வருவார்கள். விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். வெளியூர் டீம்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவோம். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

குற்றாலத்துச் சாரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற மழை மாதிரி இருட்டிக்கொண்டு, இடித்துக்கொண்டு, சொல்லிக்கொண்டு வராது. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும்.

இறுதி ஆட்டம் நமக்கும் சிவகிரி டீமுக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த கூட்டமும் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றது. வெளியூர் நடுவரை வரவழைக்க அப்போது வசதி கிடையாது. தென்காசிக்காரனான நானே ஊதவேண்டும். அதனாலேயே சொந்த ஊர்ப் பையன்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே முறைத்துக்கொண்டு நிற்பேன்.

ஆட்டம் முடியப்போகிறது. நாம் ஒரு புள்ளி முன்னால். நம் பையன் ஒருவன் அவசரப்பட்டுக் கையில் அடித்துவிட்டான். சிவகிரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, மேற்கு ரிங்கில். எறியப்போகிறவன் முத்துப்பாண்டி. ஒல்லியாக, பேசாமல், அன்றைக்கு எறிந்ததையெல்லாம் உள்ளே போட்டவன். இரண்டும் விழுந்தால் கோப்பை சிவகிரிக்கு.

நம் ஆட்கள் தகர டின்னைப் போட்டுத் தட்டு தட்டென்று தட்டுகிறார்கள். என்னோடு இருந்த இன்னொரு நடுவர் மேசைப் பக்கம் திரும்பி, குதித்துக்கொண்டிருந்த சிவகிரி கோச்சை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். நான் மேற்கு ரிங்குக்கு அடியில், மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பந்தை முத்துப்பாண்டியிடம் தட்டிக் கொடுத்தேன்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் மகா சிடுமூஞ்சி. பாராட்டு என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன். அவர் சொன்ன ஒன்றை மட்டும் நான் கடைசிவரை விடவில்லை: "பந்தைக் கொடுத்தாச்சா, அத்தோட அவனை மறந்துரு. எறியுதவனை ஊரே பாத்துக்கிட்டு இருக்கும், நீ எதுக்கு? ஓரத்துல நிக்குதானுவள்லா, அவனுவ காலைப் பாரு. கள்ளத்தனம் அங்கனதான் நடக்கும்." நீங்களும் அப்படியே செய்யுங்கள். நானும் அப்படித்தான் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

"சாரல்!"

ஒரே ஒரு குரல். எங்கிருந்து வந்தது என்று புரிவதற்குள் உமி மூட்டைகள் மேலிருந்து நூறு குரல் சேர்ந்துகொண்டது. "சாரல்! சாரல்!" ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். காய்ந்த கை. ஒரு பொட்டு ஈரம் இல்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

சிவகிரி கோச் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "சார், இது அநியாயம் சார்! எறியுத நேரம் பாத்துக் கலைக்கதுக்குன்னே கத்துதாங்க! எங்க சார் மழை? நீங்களே சொல்லுங்க, எங்க இருக்கு மழை?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். என் வாயில் விசில் இருக்கிறது. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். யோசிக்க நேரம் கிடையாது என்று சொல்வார்கள், அது பொய். ஒரு மூச்சு நேரம் எப்போதும் இருக்கும். அந்த ஒரு மூச்சில், கத்தியவன் யோக்கியனா அயோக்கியனா என்று யோசித்திருந்தால் நான் தொலைந்திருப்பேன். நான் யோசித்தது வேறு. கத்தியது பொய்யாக இருந்தால் என்ன போகும்? இரண்டு ஃப்ரீ த்ரோவைத் திரும்ப எறிய வைக்கலாம். மெய்யாக இருந்தால்? அவித்த நெல் நனைந்தால் நாற்றம் பிடித்துவிடும், யார் விசில் ஊதினாலும் அது திரும்பாது. மறுநாள் இந்தப் பையன்களுக்குக் களமும் கிடையாது. எது திரும்பி வருமோ அதை விட்டுக்கொடுத்தேன். ஊதிவிட்டேன்.

கூட்டம் கிழக்கே பாய்ந்தது. அதையெல்லாம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அடேயப்பா! வேட்டியை மடித்துக் கட்டின ஆபீசர்கள், ஈரத் தலையோடு குற்றாலத்துக் கூட்டம், பலகையால் தள்ளுகிறவர்கள், கையால் வாருகிறவர்கள். படுதாவின் கடைசி முனையை இழுத்துக் கல்லைத் தூக்கி வைத்த நேரத்தில் வந்தது பாருங்கள் சாரல், பூவாகத் தூவிக்கொண்டு. முதலாளி மில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷங்களும் டயரை உருட்டச் சொல்லவில்லை.

சாரல் நின்றதும் சாக்கால் தரையைத் துடைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தோம். முத்துப்பாண்டி இரண்டையும் தவறவிட்டான். ரிங்கைக்கூடச் சரியாகத் தொடவில்லை. கோப்பை நமக்கு.

சிவகிரிக்காரர்கள் லாரியில் ஏறும்போது ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "பந்து, களம், மழை எல்லாம் அவனுவளுதுதான். விசிலும் அவனுவளுது." அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் போட்டிகளுக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. 'விலை போன விசில்' என்று அங்கே எனக்குப் பேர். பொய் சொல்வானேன், வயிறு எரிந்தது. அதைவிட ஒரு கேள்வி என்னை அரித்தது. விசில் ஊதும்போது என் கை காய்ந்துதான் இருந்தது. அப்படியென்றால் கத்தியவனுக்கு எப்படித் தெரியும்? நம் ஆள் எவனோ சும்மா கத்தினான், சாரல் தற்செயலாக அவன் மானத்தைக் காப்பாற்றியது. அப்படித்தான் நினைத்தேன். நம் ஊர்க்காரனே என்னை ஏமாற்றிவிட்டான் என்று முப்பது வருஷமும் நினைத்தேன்.

இப்போது இந்த சீசனுக்கு வருவோம். உள்ளரங்கம் திறக்குமுன் பழைய ரசிகர்களைக் கூட்டி வைத்து, நெற்கள நாட்களைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். கிளப் செயலாளர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, அன்னைக்கு சாரல்னு கத்தினாரே, அவரை வச்சுத்தான் புது அரங்கத்துல முதல் பந்து எறிய வைக்கணும்னு கமிட்டில முடிவு. நீங்கதான நடுவர். ஆளைக் காட்டுங்க" என்றார்.

"எனக்கே தெரியாதுப்பா."

"அப்ப கண்டுபிடிங்க."

எனக்கும் வேறு வேலை இல்லை. போய் உட்கார்ந்தேன். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். "நான்தான் கத்தினேன். என் மூக்கு மேல ஒரு சொட்டு விழுந்துச்சு. இன்னும் அந்தக் குளிர்ச்சி இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று மூக்கையே காட்டினார். அவர் உட்காருவதற்குள் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எழுந்து, "ஏ, இவரு அன்னைக்கு ஊர்லயே இல்ல! கத்தினது நான். என் கழுத்துல விழுந்துச்சு" என்றார். பிறகு பார்த்தால் ஆளாளுக்குக் கை தூக்குகிறார்கள். ஒருவருக்கு முழங்கையில் விழுந்தது, இன்னொருவருக்கு வழுக்கையில். எல்லார் மேலும் விழுந்த சாரல் என் கையில் மட்டும் விழவில்லையா? ஒரே சிரிப்பு. ஆனால் பாருங்கள், ஒருவர் முகத்திலும் பொய் சொல்கிற களை இல்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

கடைசி வரிசையில் செல்வராணி என்று ஒரு அம்மா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்கிற காலத்தில் ஒரு ஆட்டம் விடாமல் வந்தவர். அவர் கை தூக்கவில்லை. நானே கேட்டேன்.

"நான் கத்தலை சார். எனக்குப் படுதாதான் ஞாபகம் இருக்கு. நான் உக்காந்திருந்தது நெல்லுக்குப் பக்கத்துல, கடைசி மூட்டைல. எல்லாரும் சாரல் சாரல்னு எந்திரிக்கும்போதே நான் ஓடிப் போயி படுதா முனையைப் பிடிச்சேன். பாத்தா எதிர் முனையை ஒருத்தன் ஏற்கெனவே பிடிச்சுக்கிட்டு நிக்கான்."

"யாரு?"

"அந்த சிவகிரிப் பையன்தான் சார். ஃப்ரீ த்ரோ எறிய நின்னான்லா, அவன்."

எனக்குச் சுருக்கென்றது. எறியக் கோட்டில் நின்றவன், விசில் ஊதுவதற்குள் அங்கே எப்படிப் போனான்? பந்தைக் கொடுத்த பிறகு நான் அவனைப் பார்க்கவே இல்லையே.

நேராக ஆட்டோ பிடித்துப் பழைய மில்லுக்குப் போனேன். மில் மூடிக் கிடக்கிறது. களத்தில் லாரிகள் நிற்கின்றன. ஃப்ரீ த்ரோ கோடு இருந்திருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்து, ரிங் இருந்த பக்கம் பார்த்து நின்றேன். லாரி டிரைவர் ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். எதிரே மதில், வயல், மலை. அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. வடக்கே இருந்தவர்களும் தெற்கே இருந்தவர்களும் அன்றைக்கு அவனைப் பார்த்தார்கள். ஓரத்திலும் பின்னாலும் நின்ற ஆட்டக்காரர்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் கால்களைப் பார்த்தேன். அத்தனை பேரில் மலையைப் பார்த்து நின்றவன் அவன் ஒருவன்தான்.

கத்தினால் யாருக்கு லாபம் என்று மட்டுமே இத்தனை வருஷம் கணக்குப் போட்டேன். எங்கே நின்றால் தெரியும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதை மறக்காதீர்கள்.

முத்துப்பாண்டி ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, புளியறை செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஹோட்டல் நடத்துகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போனேன். ஆள் இப்போது ஒல்லி இல்லை. கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அன்னைக்கு..."

நான் முடிக்கவில்லை.

"நான்தான் அண்ணாச்சி" என்றார்.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் மேசையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"பந்து கைல இருக்கு. ரிங்கைப் பாக்குதேன். ரிங்குக்குப் பின்னால மலை இருக்கணும்லா, காணோம். வெள்ளையா இருக்கு. எங்க வீட்டுல நெல்லு காயப் போட்டா என்னைத்தான் காவலுக்கு வைப்பாங்க. மலை மறைஞ்சா கத்தணும், அதான் வேலை. பிறந்ததுல இருந்து பழகின வாய் அண்ணாச்சி, அதுக்கு ஃபைனலும் தெரியாது ஒண்ணும் தெரியாது. கத்திட்டேன். பந்து முகத்துக்கு நேரா இருந்துச்சு, டின் சத்தத்துல எனக்கே சரியாக் கேக்கல, கத்தினது நான்னு யாருக்குத் தெரியும்? முன்னால மூட்டைல இருந்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க. எல்லாரும் எந்திரிச்ச குழப்பத்துல பந்தைப் போட்டுட்டு ஓடிட்டேன்."

"அப்புறம் ரெண்டையும் ஏன்யா விட்ட?"

"நெல்லு வாரின கையில்லா? விரலெல்லாம் நெல்லுச் சுணை, ஒரே அரிப்பு. பந்தைப் பிடிக்கவே முடியல." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "லாரில போகும்போது எல்லாரும் உங்களைத்தான் பேசுனாங்க. வாயைத் திறந்திருந்தேன்னா என்னை ஊருக்குள்ள விட்டிருக்க மாட்டாங்க. அப்புறம் பட்டாளத்துக்குப் போயிட்டேன். லீவுல வரும்போதெல்லாம் தென்காசி ஸ்டேஷன்ல இறங்குவேன். உங்க வீடு எதுன்னுகூட விசாரிச்சு வச்சிருந்தேன். வரத்தான் தைரியம் இல்ல. உங்க பேரு அங்கன கெட்டுப்போனது எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷமாக என்னை ஏமாற்றியவன் என்று ஒருவனை மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவன் கிடையவே கிடையாது என்று தெரிந்ததும் நெஞ்சு அப்படி லேசாகிவிட்டது. தோளில் ஒன்று போட்டு, "வந்து முதல் பந்தை எறி. மத்ததைப் பிறகு பேசிக்கிடுவோம்" என்றேன்.

திறப்பு விழாவுக்கு வந்தார். சிவகிரியிலிருந்து பழைய ஆட்டக்காரர்களையும் வேன் வைத்துக் கூட்டி வந்திருந்தார், நான் சொல்லாமலே. மைக்கை வாங்கி, முதலில் அவர்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"அன்னைக்கு சாரல்னு கத்தினது தென்காசிக்காரங்க இல்ல. நான்தான். சார் விலையும் போகல, ஒண்ணும் போகல. நான் கத்தினேன், அவரு ஊதினாரு. நம்மளாத் தோத்தோம்."

சிவகிரி வரிசையில் அந்தப் பழைய கோச் உட்கார்ந்திருந்தார், கையில் ஊன்றுகோல். மெதுவாக எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். கண் கலங்கிவிட்டது, அதில் வெட்கமில்லை.

ஜவுளிக்கடை அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் சொன்னது பொய்யின்னு யாரும் நினைக்கப்புடாது. நீங்க கத்தினதும் நாங்க எல்லாரும்தான கத்தினோம்? என் மூக்குல விழுந்தது விழுந்ததுதான்!" கூட்டம் சிரித்துத் தள்ளியது.

முத்துப்பாண்டி ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நின்றார். பந்தை எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பழைய இடத்தில், ரிங்குக்கு அடியில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் மலை இல்லை, சுவர்தான். பந்தைத் தட்டிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை தரையில் தட்டி, நிமிர்ந்து பார்த்தார். உமி மூட்டைக் காலத்து ஆள் எவரோ பின்னாலிருந்து "சாரல்!" என்று கத்தினார்.

என் குரு சொன்னதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக மீறினேன். யார் காலையும் பார்க்கவில்லை. பந்தைக் கொடுத்துவிட்டு முத்துப்பாண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து உள்ளே விழுந்ததா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். வந்திருந்தவர்களிடம் கேளுங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.